சிவப்பு ரேக்கில் ஒரு மஞ்சள் குதிரை

பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஒர்க்‌ஷாப்பின் சிமெண்டுத் தரைக்கடியில் ஒரு பிணம் கிடக்கிறது என்று பதினோரு வருடம் நம்பினேன். பிணத்தின் பெயர் குணா. அதற்கு மேலே இரும்பு ரேக்கில் நின்றவை ஜெர்மன்காரர்களின் இசைத்தட்டுகள். ஞாயிறு தவறாமல் அந்த ரேக்கைப் பார்த்தபடி உட்கார்ந்து, கொலைகாரர் என்று நான் நம்பியவர் கையால் கோப்பி வாங்கிக் குடித்தேன். கோப்பி நன்றாக இருக்கும். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. இன்னும் இருக்கிறார். அவர் கை ஓங்கினால் இறங்கும் வேகம் குறைந்துவிட்டதா என்று சோதித்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. எல்லாருக்கும் அவர் அண்ணே. எனக்கும்.

நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்துவது அவர் தொழில். ஒர்க்‌ஷாப்பின் பின்பாதியில் கார்கள் இல்லை. புகைக்குழாய் அடுக்கும் ஐந்து இரும்பு ரேக்குகளில் நானூறு ஐந்நூறு இசைத்தட்டுகள், எல்லாம் ப்ராக்ரசிவ் ராக். தெரியாதவர்களுக்கு: ஒரு பாட்டு தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும். விரல் விட்டுத் தாளம் போட்டால் விரல் போதாது. பாடகர் எட்டு நிமிடத்துக்கு ஒரு முறை வந்து தலையைக் காட்டுவார். கிள்ளான் துறைமுகத்தில் இறங்கும் கப்பல்காரர்களிடமிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. பாதி அண்ணனுடையவை, பாதி குணாவுடையவை. குணா அங்கே பெயிண்ட் அடிப்பவன். ஒல்லி. எதற்கும் சிரிப்பான். நான் சுங்கக் கட்டணக் காகிதங்களைத் தட்டச்சு செய்யும் குமாஸ்தா.

என் காரின் மட்கார்டு நசுங்கி நான் முதல் முறை போன அன்று எனக்கு முன்னால் ஒருவர் நின்றிருந்தார். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் சும்மா இருக்கமாட்டாமல், "என்னாண்ணே இது, டிஸ்கோவா?" என்றார்.

அண்ணன் சுத்தியலைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்து வந்தார். நிமிர்த்தி முடித்து, குணா பெயிண்டும் அடித்து, காய்ந்து, கண்ணாடி போல மின்னிக்கொண்டிருந்த அந்த மனிதரின் கார்க் கதவில் ஒரே அடி. தேங்காய் அளவுக்குக் குழி.

"டிஸ்கோன்னா இந்தச் சத்தம் நாலு வாட்டி வரும். இது ஏழு. எண்ணு."

மேலும் ஆறு விழுந்தன. அந்த மனிதர் எண்ணினார். நானும் எண்ணினேன். குணா உள்ளேயிருந்து, "அண்ணே, அந்தக் கதவுக்கு நேத்துத்தான் மூணு கோட்டு அடிச்சேன்லா!" என்று கத்தினான். என் மட்கார்டு அப்படியே இருக்கட்டும் என்று திரும்பிப் போக முயன்றேன். கால் வரவில்லை. பயத்தில் ஓடுகிற வகை அல்ல நான். நின்ற இடத்திலேயே உறைகிற வகை. வெளியிலிருந்து பார்த்தால் தைரியம் மாதிரியே இருக்கும். அண்ணனும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். "இவன் நின்னு கேக்குறான் பாரு" என்று ஒரு ஸ்டூலைத் தள்ளினார். அப்படித்தான் நான் ப்ராக்ரசிவ் ராக் ரசிகன் ஆனேன்.

ரேக்குகளுக்குக் குணா கார் பெயிண்டிலேயே நிறம் அடித்திருந்தான். சிவப்பு, சிம்ஃபோனிக்: ஒரு பெரிய வாத்தியக் குழுவே வந்து இறங்கியதைப் போல, பாகம் பாகமாக ஏறிப் போய்க் கடைசியில் இடி விழும். நீலம், ஸ்பேஸ்: மிதக்கும், அவ்வளவுதான். பச்சை, ஃபோக்: புல்லாங்குழல், கதை. வெள்ளை, கேன்டர்பரி: இங்கிலாந்தில் ஒரு ஊர், அந்தப் பக்கத்துப் பையன்கள் ஜாஸைக் கலந்து, நக்கலும் நையாண்டியுமாக வாசிப்பது. சாம்பல், ஜெர்மன்காரர்கள்: ஒரே தாளம், ஒரே இடம், மெஷின் மாதிரி, விடவே மாட்டார்கள்.

"எது எங்க நிக்கணுமோ அங்க நிக்கணும்" என்பார். ஒரு நாளில் முப்பது முறையாவது. ஸ்பானரிலிருந்து கறிவேப்பிலை வரை.

மனிதர்களையும் விடமாட்டார். பக்கத்து மாவரைக்கும் கடைக்காரர் ஜெர்மன். கோயில் தலைவர் சிம்ஃபோனிக், ஆனால் மூன்றாம் பாகம் வராது. குணா சந்தேகமே இல்லாமல் கேன்டர்பரி. என்னை முதல் மாதமே வகைப்படுத்திவிட்டார்.

"நீ ஸ்பேஸ்டா. இருவது நிமிசம் சத்தம் வரும். ஒண்ணும் நடக்காது."

அப்போது சிரித்தேன்.

ஒருமுறை பண்டமாரானில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மதியச் சாப்பாடு நடக்கும்போது ஒலிபெருக்கியை யாரோ பிடுங்க, யாரோ ஏதோ சொல்ல, நாற்காலிகள் பறந்தன. ஒன்று அண்ணன் முதுகில் வந்து விழுந்தது. அவர் சாம்பார் வாளியை ஓரமாக, சிந்தாமல், இறக்கி வைத்துவிட்டு எழுந்தார். நான் இலையோடு மேசைக்கடியில் போனேன். அங்கிருந்து எனக்குத் தெரிந்தவை கால்கள் மட்டுமே. ஒரு ஜோடிக் கால் தரையை விட்டு மேலே போனது, திரும்பி வரவில்லை. ஒரு பல் உருண்டு வந்து என் அப்பளத்தில் மோதி நின்றது. அப்பளத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு மீதியைச் சாப்பிட்டேன். பயத்தில் எனக்குப் பசிக்கும்.

திரும்பும் வழியில் ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கிழிந்த புருவத்தைத் துண்டால் அழுத்தியபடி அண்ணன் பேசிக்கொண்டே வந்தார்.

"கவனிச்சியா? மாப்ள வீட்டுக்காரன் ஒரு வார்த்த. அப்புறம் பொண்ணு வீட்டுக்காரன் அதே வார்த்தய கொஞ்சம் ஒசத்தி. மூணாவது பாகத்துல எல்லாரும் சேந்து. கடைசில அந்த மொத வார்த்த திரும்பி வந்துச்சு பாரு! சுத்தமான சிம்ஃபோனிக்."

"நாக்காலிண்ணே?" என்றான் பின்சீட்டிலிருந்த குணா.

"டேய், அது ட்ரம்ஸ்."

அவருடைய சண்டைக்கும் ஒரு கணக்கு இருந்தது. "எல்லாவனும் நாலு எண்ணுவான். நாலு விழுந்ததும் முடிஞ்சிருச்சுன்னு கைய எறக்குவான். நான் ஏழு எண்ணுவேன்." மாமூல் கேட்டு மூன்று பேர் பாராங் கத்தியோடு வந்த காலையில் அதைக் கண்ணால் பார்த்தேன். ஜாக்கி கம்பி ஏறி இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நடுவிலிருந்தவன் நிஜமாகவே கையை இறக்கினான். ஐந்தில் அவன் முட்டி போனது. ஆறில் அடுத்தவனின் கத்தி கைமாறியது. ஏழாவதை அவர் யார் மேலும் போடவில்லை; அவர்கள் வந்த மோட்டார் சைக்கிளின் விளக்கில் போட்டார். அண்ணனுக்குத் தோளில் ஒரு வெட்டு, எலும்பு தெரிந்தது. குணா துணியை வைத்து அழுத்தினான். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? தட்டிலிருந்து எனக்காகக் கேசட்டில் பாட்டைப் பதிந்துகொண்டிருந்த டேப் ரெக்கார்டரை நிறுத்தினேன். கேசட் வீணாகப் போகிறதே என்று.

இப்படிப்பட்டவர் ஒரு நீதிமன்றமும் நடத்தினார். ஞாயிறு மத்தியானம். ஒரு குழுவை ஒரு ரேக்கிலிருந்து இன்னொரு ரேக்குக்கு மாற்ற வேண்டுமானால் கேஸ் போட வேண்டும். முதலில் தட்டின் இரண்டு பக்கமும் ஓடும். அதுவரை யாரும் பேசக்கூடாது, ஒன்றுக்குப் போகக்கூடாது. பிறகு வாதம். தீர்ப்பு அண்ணனுடையது. தோற்றவன் உள்ளங்கையை நீட்ட வேண்டும். பழைய ஃபேன் பெல்ட்டால் ஒன்று. வளர்ந்த ஆண்கள், சம்பளம் வாங்குகிறவர்கள், ஒருவர் பள்ளிக்கூடத் துணைத் தலைமையாசிரியர், வரிசையில் நின்று கை நீட்டியிருக்கிறோம். ஒரு புல்லாங்குழலை நம்பி ஒரு ஸ்வீடன் குழுவைப் பச்சைக்கு மாற்றச் சொன்ன நான், மறுநாள் அலுவலகத்தில் ஒற்றைக் கையால் தட்டச்சு செய்தேன்.

அண்ணனை வென்றவன் குணா மட்டும்தான். நான்கு முறை. வென்றால் அண்ணன் தன் கையை நீட்டுவார். குணா பெல்ட்டால் பூப் போடுவது போலத் தொடுவான். "ஒழுங்கா அடிடா!" என்று அண்ணன் கத்துவார். அவர்கள் இருவரும் ஒரே ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்கள். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

குணா ஜெயிக்காத ஒரு கேஸ் இருந்தது. ஓர் இத்தாலிக் குழுவின் தட்டு. அட்டையில் மாடிப்படி ஏறும் ஒரு மஞ்சள் குதிரை. நாட்டிலேயே வேறு பிரதி இல்லை என்பது அண்ணனின் கட்சி. அது சிவப்பில் முதலாவதாக நிற்கும். அவர் இல்லாதபோது யாரும் தொடக்கூடாது.

"அண்ணே, அந்தக் குதிரை நக்கல் பண்ணுதுண்ணே" என்பான் குணா. "ஆர்கன் அழுவுற மாதிரி அழுது, பின்னாடி சிரிக்குது. வெள்ளையில வையுங்க."

"அது அழுவுதுடா. ஒனக்குத்தான் எல்லாம் சிரிப்பு."

குணா மூன்றாவது முறை தோற்றபோது அண்ணன் பெல்ட்டை எடுக்கவில்லை. ரேக்கின் மேல் கையை ஊன்றிக்கொண்டு எல்லாரையும் பார்த்துச் சொன்னார்: "குதிர சிவப்புலதான் நிக்கும். கேஸு முடிஞ்சிச்சு. இனிமே எவனாச்சும் நகத்துனான், கைய ஒடிச்சிருவேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் பாட்டுப் பதியக் கொடுத்திருந்த என் கேசட்டை வாங்கிப் போக வந்தேன். ஒர்க்‌ஷாப்பில் யாரும் இல்லை. அண்ணன் ஒரு காரை ஓட்டிப் பார்க்கப் போயிருந்தார். குணாவையும் காணோம். சிவப்பு ரேக்கில் குதிரை மட்டும் என்னைப் பார்த்தது.

எடுத்தேன். சும்மா அட்டையின் உட்பக்கத்தைப் பார்க்கத்தான். மடக்கிய அட்டையைத் திறந்தால் குதிரை படியின் உச்சியில் நின்றது. மேலே வாசல் இல்லை, சுவர். அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது வெளியே கார் வந்து நின்றது. கதவுச் சத்தம். செருப்புச் சத்தம். சிவப்பு ரேக் இரண்டடி தள்ளி. கைக்கு எட்டியது வெள்ளை. கண்ணை மூடிக்கொண்டு வெள்ளையில் சொருகினேன்.

"என்னாடா, கேசட்டா?"

"ஆமாண்ணே."

"மேச மேல இருக்கு. ஏன்டா இப்படி வேர்க்குது?"

"வெயிலுண்ணே."

நாளைக்கு வந்து மாற்றி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். சனிக்கிழமை வந்தேன். அண்ணன் நாள் முழுக்க ரேக்குகளுக்கு எதிரிலேயே ஒரு லோரிக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். உருளைக்கிழங்குக் கறி அடைத்துப் பொரித்த கறிபாப் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

ஞாயிறு மத்தியானம் ஆறு பேர் இருந்தோம். அண்ணன் ஏதோ ஒரு தட்டைத் தேடி வெள்ளை ரேக்கைப் புரட்டினார். விரல் நின்றது. குதிரையை வெளியே இழுத்தார். எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தார்.

"யாரு?"

என் வாயில் பாதிக் கறிபாப் இருந்தது. இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. விழுங்க எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று நொடி. அந்த மூன்று நொடிக்குள் குணா சிரித்துவிட்டான். குதிரையை வெள்ளையில் வைத்தது அண்ணனேதான், தோல்வியை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டுச் சொல்லாமல் வைத்திருக்கிறார் என்று அவன் நினைத்துக்கொண்டான். அவனுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் இருந்திருக்க முடியாது. கையைத் தட்டிக்கொண்டே எழுந்தான்.

"பாத்தீங்களா! நான் சொல்லல? நக்கல் பண்ணுதா இல்லியா?"

முதல் அடி கன்னத்தில். குணா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்; அது விளையாட்டு என்று நினைத்தான். இரண்டாவதில் சிரிப்பு வாயோடு கிழிந்தது. மூன்றாவது, வயிற்றில். நான்காவதில் அவன் தரையில் உட்கார்ந்தான், கையை இறக்கினான். அத்தனை வருடம் அவரோடு இருந்தவன், அவனும் நாலுதான் எண்ணினான். ஐந்து. ஆறு. துணைத் தலைமையாசிரியர் "போதும், போதும்" என்று நின்ற இடத்திலிருந்தே சொன்னார். நான் எண்ணினேன். வேறெதுவும் செய்யவில்லை, எண்ணினேன். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே சற்று இடைவெளி இருந்தது. ஒரு மனிதன் வாயைத் திறந்து "நான்தான்" என்று சொல்லப் போதுமான இடைவெளி. அதற்குள் கறிபாப்பை விழுங்கிவிட்டேன். வாய் காலியாகத்தான் இருந்தது.

ஏழாவது, சுத்தியல். தரையில் ஊன்றியிருந்த குணாவின் வலது கை மேல்.

அந்தச் சத்தத்தை எந்த ரேக்கிலும் வைக்க முடியாது.

அண்ணன் சுத்தியலைப் பார்த்தார், கையைப் பார்த்தார். பிறகு குணாவைக் குழந்தையைப் போல அள்ளி வேனில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தரையில் ரத்தம். மீதி நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்தோம்.

அடுத்த ஞாயிறு கதவு பூட்டியிருந்தது. அதற்கடுத்த ஞாயிறு திறந்திருந்தது. குணா இல்லை. அவன் விழுந்த இடத்தில் தரையை உடைத்துப் புது சிமெண்டு போட்டிருந்தது. அதன் மேல் சாம்பல் ரேக், ஜெர்மன்காரர்கள், மூலையிலிருந்து நகர்த்தி வந்து நிறுத்தியிருந்தது. ரேக்குக்கு அடியில் புது சிமெண்டின் ஓரம் மட்டும் தெரிந்தது. ஆறடிக்கு இரண்டடி என்று பார்த்தவுடன் கணக்குப் போட்டேன்.

"குணா எங்கண்ணே?"

"போயிட்டான்."

"எங்கண்ணே?"

"போயிட்டான்னா போயிட்டான். தட்டக் கேளு."

அவ்வளவுதான். என் மூளைக்கு அது போதும். அன்றிரவு முதல் குணா என் வீட்டுக் குளியலறையில் சிரித்தான். ஒரு நாள் போலீஸ் நிலையம் வரை போனேன். மேசையில் இருந்தவர் என்ன வேண்டும் என்று கேட்டார். குடை தொலைந்துவிட்டது என்றேன். எழுதிக்கொண்டார். என்ன நிறம் என்று கேட்டார். கறுப்பு என்றேன். இரண்டு வாரம் கழித்து நிலையத்துக்குக் கூப்பிட்டு ஒரு குடையையும் கொடுத்தார்கள். நல்ல குடை, இன்னும் இருக்கிறது.

போகாமல் நின்றுவிட்டால் சந்தேகப்படுவார் என்று ஒரு ஞாயிறு விடாமல் போனேன். மற்றவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். கடைசியில் அவரும் நானும்தான். அண்ணன் அந்த நாளுக்குப் பிறகு கேஸ் நடத்தவில்லை. ஃபேன் பெல்ட் ஆணியில் தொங்கித் தொங்கி வெடித்தது. யாரையும் அடித்து நான் பார்க்கவில்லை. ஆனால் சில ஞாயிறுகளில் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார், தட்டு ஓடி முடிந்து ஊசி கரகரக்கும் வரை. அடுத்த குழி எனக்குத்தான் என்று நினைத்து, "இந்த டிரம்மர் பிரமாதம்ண்ணே" என்பேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ரேக்குகள் மெலிந்துகொண்டே வந்ததைக் கவனித்தேன். முதலில் குதிரை காணாமல் போனது. பிறகு மாதத்துக்கு நாலைந்தாக மற்றவை. விற்கிறார், ஓடிப் போகப் போகிறார் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

தொண்ணூறுகளில் அந்த வரிசைக் கடைகளை இடிக்க வந்தார்கள். நான் அலுவலகத்தில் அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் வேலியோரம் நின்றிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். யந்திரத்தின் இரும்புக் கை உள்ளே வந்து தரையைக் கிளறியது. சாம்பல் ரேக் இருந்த இடம். சிமெண்டுப் பாளம் அப்படியே பெயர்ந்து மேலே வந்து, புரண்டு, வெயிலில் விழுந்தது. ஆறடி இல்லை. ஒரு ட்ரே அளவு. ஒரு பூனையைக்கூட மடக்கித்தான் வைக்க வேண்டும்.

அடியில் செம்மண்.

"என்னாடா தேடற?"

"ஒண்ணும் இல்லண்ணே."

"ரத்தக் கற. எவ்வளவு கழுவியும் போகல. நானே ஒடச்சு வேற போட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். பதினோரு வருடம் கழித்து, "குணா?" என்று மட்டும் வந்தது.

"ரவாங்குல. அக்கா வீட்டுல. வெரலு மடங்கல. பெயிண்டு அடிக்க முடியாதுல்ல, ஒரு பெக்டரியில கேட்டுல காவலுக்கு ஒக்காந்திருக்கான். மாசம் ஒரு வாட்டி போவேன். தட்டெல்லாம் அங்கதான்." கொஞ்ச நேரம் இடிப்பதைப் பார்த்தார். "குதிரைய வெள்ளையிலதான் வச்சிருக்கான். இருக்கட்டும்."

"அண்ணே..."

"ஆஸ்பத்திரிக்குப் போறப்பவே வேன்ல சொல்லிட்டான், வெள்ளிக்கெழம பல்லுவலி, வேலைக்கே வரலன்னு. கோவத்துல எனக்கு அது தோணவே இல்ல பாரு. வெள்ளிக்கெழம அங்க நின்னது யாரு? வேர்த்துக்கிட்டு?"

கண்ணை இறுக்கி மூடி, நின்ற இடத்தில் உறைந்தேன். ஒன்று வரும் என்று காத்திருந்தேன். ஏழு வரைக்கும் எண்ணினேன். எதுவும் வரவில்லை. திறந்து பார்த்தபோது அவர் இரண்டு கையாலும் வேலியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கே ஒன்னத் தேடி வரக் கெளம்புனேன். அவன்தான் கட்டுப் போட்ட கையோட சட்டயப் பிடிச்சிக்கிட்டான். 'அவன அடிச்சா செத்துருவான்ண்ணே, விடுங்க, அவனா வந்து சொல்லுவான்'னான். நீயும் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்த. நானும் இன்னிக்குச் சொல்லுவான் இன்னிக்குச் சொல்லுவான்னு கோப்பி போட்டுக் குடுத்தேன்."

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரவாங்குக்கு ரயிலில் ஒரு மணி நேரம் ஆகும். நான் இன்னும் போகவில்லை.

நடந்தது இவ்வளவுதான். குதிரையை வெள்ளையில் வைத்தவன் நான். உடைந்தது குணாவின் கை.